வெள்ளம் வராத நாட்கள்

எங்கள் வீட்டிலும் ஒரு கிணறு உண்டு. ஆனால் அது கார் ஷெட்டுக்கு அடியில் இருக்கிறது. குழாய் இணைப்பு கிடைத்த வருடம், இனி இது எதற்கு என்று அப்பா அதில் மண்ணையும் உடைந்த செங்கல்லையும் கொட்டி நிரப்பினார். மேலே சிமெண்ட் தளம் போட்டு, தகரக் கூரை வேய்ந்து, கார் வாங்குவதற்கு முன்னதாகவே ஷெட்டைக் கட்டி முடித்தார். கார் வரவில்லை. அந்த விசாலமான ஷெட்டின் ஓர் ஓரத்தில் அப்பாவின் ஸ்கூட்டர் மட்டும், பணக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த ஏழை உறவினரைப்போல ஒதுங்கி நிற்கும்.

நான் நாலாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், குழித்துறையிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் சாலையை அகலப்படுத்தினார்கள். மண் தோண்டுகிற எந்திரத்தின் கை ஒருநாள் ரோட்டோரத்தில் புதைந்து கிடந்த பெரிய குழாயில் இடித்துவிட்டது. தண்ணீர் தென்னை உயரத்துக்குப் பீறிட்டது. தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் ஓடிப்போய் நனைந்தோம். சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்து, திருவிழா பார்த்துவிட்டு வந்தவள்போல அம்மாவிடம் விவரித்தேன். நாங்கள் நனைந்தது எங்கள் வீட்டுத் தண்ணீரில்தான் என்பது மறுநாள் காலையில் குழாயைத் திறந்தபோது தெரிந்தது. இரண்டு முறை இருமிவிட்டு அது அடங்கிப்போனது.

ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்று அறிவித்துக்கொண்டு போனார்கள். சில நாட்கள் கழித்து அதே ஆட்டோ வந்து அதே ஓரிரு நாளை மறுபடியும் அறிவித்தது. எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் ஒருவரையொருவர் ‘வெள்ளம் வந்துதா?’ என்றே விசாரித்துக்கொண்டார்கள். வெளியூர்க்காரர் யார் காதிலாவது விழுந்திருந்தால், ஊர் மூழ்கப்போகிறது என்று அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பார்.

வீட்டில் தண்ணீர் நிர்வாகத்தை மாமி எடுத்துக்கொண்டாள். மாமி அப்பாவின் மூத்த சகோதரி. கணவர் இறந்தபின் எங்களோடு வந்து இருந்தாள். அம்மா உட்பட வீட்டில் எல்லோரும் அவளுக்குக் கட்டுப்பட்டவர்கள். லாரித் தண்ணீர் நிரம்பிய நீல டிரம்மின் மேல் மாமி ஒரு பலகையைப் போட்டு, பலகையின் மேல் அம்மிக் குழவியை வைத்தாள். குழவியைத் தூக்க முடிந்தவர்களுக்கு மட்டுமே தண்ணீர் என்றாகிவிட்டது. பல் தேய்க்க ஒரு டம்ளர். அப்பாவின் முகச்சவரத்துக்கு ஒரு கிண்ணம். சாப்பாடு எல்லா வேளையும் வாழை இலையில், தட்டுக் கழுவ வேண்டாம் என்று. எனக்கு அது விருந்தாகத் தோன்றியது. அரிசி கழுவிய தண்ணீர் பாத்திரம் அலசப் போயிற்று, பாத்திரம் அலசியது கறிவேப்பிலைச் செடிக்குப் போயிற்று. அப்பா பள்ளி ஆசிரியர், விடுமுறையில் வீட்டில் இருந்தவர். தினமும் காலையில் ஏதோ ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்து, மரியாதையாகக் கோபப்பட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்துகொள்வார்.

இந்த நேரத்தில்தான் அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, கல்ஃபிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். பெண் பார்ப்பதாக ஏற்பாடு. ஒரு நாளைக்கு மூன்று சட்டை மாற்றுவார். அங்கே பாலைவனத்தில் குழாயைத் திருகினால் சுடுதண்ணீரே கொட்டும், இங்கே ஆற்றங்கரை ஊரில் பல் தேய்க்க வழியில்லை என்று சொல்லிச் சொல்லி ஆச்சரியப்பட்டார். கேட்டுக்கொண்டிருந்த மாமி, அப்படியானால் இங்கிருந்து போகிறவரை ஒரே சட்டையைப் போட்டால் என்ன என்று கேட்டாள்.

சட்டைகள்தான் கடைசியில் வழிவிட்டன. அழுக்குத் துணி மூட்டை மூட்டையாகக் குளியலறையில் சேர்ந்து, வாடை கூடத்துக்கு வந்துவிட்டது. எந்த விஷயத்திலும் அம்மா முதலில் வாய் திறக்கிறவள் அல்ல. அன்று இலை போட்டுக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள். “நான் வேணும்னா ஆத்துல போய் அலக்கிட்டு வாறேன்.”

துணி துவைப்பதை அலக்குவது என்றுதான் நாங்கள் சொல்வோம். மாமிக்கு அது பிடிக்கவில்லை. வாத்தியார் வீட்டுப் பெண் கடவில் போய் நின்றால் சர்ச்சில் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்றாள். குழாய் வந்தபிறகு எங்கள் தெருவில் யாரும் கடவுக்குப் போவதில்லை. படிக்கட்டு இறங்கும் அந்த ஆற்றுத்துறை, வீட்டில் குழாய் இல்லாதவர்களுக்கு உரியது என்று ஆகியிருந்தது. அப்பா வெகுநேரம் யோசித்தார். கடைசியில் தம்பி துணைக்குப் போவதானால் போகலாம் என்றார். ஒரு நிபந்தனையும் சேர்த்தார். “ஆத்தை நம்ப முடியாது. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அன்னைக்கே நிறுத்திரணும்.”

அம்மா சரி என்று தலையாட்டினாள். மறுநாள் விடியும் முன்பே துணிமூட்டை கட்டி வாசலில் தயாராக இருந்தது.

சர்ச் மதிலை ஒட்டி நடந்து, மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தையும் ஒரு தென்னந்தோப்பையும் தாண்டினால் ஆறு. பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போது மேலிருந்து எத்தனையோ தடவை பார்த்த ஆறுதான். கிட்டத்தில் போய் நின்றபோது அது வேறு ஏதோ ஒன்றாக இருந்தது. கோடை மழை பெய்து தண்ணீர் நன்றாக ஓடியது. சித்தப்பா, பெண்கள் குளிக்கும் இடம் என்பதால், மேட்டில் ஒரு புங்கமரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா துணிகளைக் கல்லில் அடித்துத் துவைத்து, பிழிந்து, குவித்தாள். பக்கத்துக் கல்லில் துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் அவளிடம் எந்த ஊர் என்று கேட்டாள். அம்மா “திருவட்டாறு” என்றாள். நான் திடுக்கிட்டேன். எங்கள் வீடு இதோ பத்து நிமிட நடையில் இருக்கிறது. அம்மாவுக்கு அது மறந்துவிட்டதா என்று நினைத்தேன்.

துணி முடிந்ததும் அம்மா மார்புக்கு மேலே பாவாடையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, படி படியாக இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் போய் நின்றாள். கொஞ்சநேரம் அசையாமல் நின்றாள். பிறகு காணாமல்போனாள்.

நான் அலறியிருப்பேன். அலறல் தொண்டையில் திரள்வதற்குள், ஆற்றின் நடுவில், என்னால் நம்ப முடியாத தூரத்தில், அம்மாவின் தலை எழும்பியது. முடி முகத்தோடு ஒட்டியிருக்க, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் நிற்கிற, சர்ச்சில் தலையில் முக்காடு போட்டுக் கடைசி வரிசையில் உட்காருகிற என் அம்மா, கையை ஓங்கி ஓங்கிப் போட்டு எதிர்நீச்சலில் வந்தாள்.

அன்றிலிருந்து நாங்கள் தினமும் போனோம். துவைக்கத் துணி குறைவாக இருந்த நாளில் அம்மா துவைத்த துணியையே ஒன்றிரண்டு சேர்த்து மூட்டை கட்டினாள். போகும் வழியில் அவள் பேச ஆரம்பித்தாள். திருவட்டாற்றில் அவளுடைய வீட்டுக்குப் பின்வாசல் என்பதே ஆறுதான் என்றும், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையை வைத்துவிட்டு நேரே தண்ணீரில்தான் விழுவாள் என்றும், அண்ணன்மார் எல்லாரையும்விட அக்கரையை முதலில் தொடுவாள் என்றும் சொன்னாள். இந்தக் கதைகள் எதையும் நான் அதற்குமுன் கேட்டதில்லை. திரும்பி வரும்போது தென்னந்தோப்பு தாண்டும்வரை பேசுவாள். சர்ச் மதில் வந்ததும் நின்றுவிடும்.

சித்தப்பாவுக்கு மேட்டில் உட்கார்ந்து அலுத்துப்போனது. அவரும் எங்களுக்குக் கொஞ்சம் கீழே, ஆண்கள் துறையில் குளிக்கத் தொடங்கினார். கல்ஃபில் தான் தங்கியிருக்கும் கட்டிடத்தின் மாடியில் நீச்சல்குளம் இருப்பதாகவும், வெள்ளிக்கிழமைகளில் அதில் நீந்துவதாகவும் எங்களிடம் முன்பே சொல்லியிருந்தார். அவர் குளித்த இடத்துக்குக் கீழே சற்றுத் தள்ளி ஆற்றுக்குக் குறுக்கே சப்பாத்து என்கிற தாழ்வான பாலம் ஒன்று இருந்தது. தண்ணீர் கூடினால் அதன் கண்களுக்குள் இழுப்பு பலமாக இருக்கும்.

ஒருநாள் ஆறு நிறம் மாறி வந்தது. மலையில் இரவெல்லாம் மழை என்றார்கள். அம்மா படியில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு, அன்று இறங்கவில்லை. சித்தப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். “தம்பி, கலங்கி வருது. கரையில இருந்து கோரிக் குளிச்சா போரும்.”

அண்ணன் மனைவியை மைனி என்று அழைப்பது எங்கள் வழக்கம். “இது என்ன வெள்ளம் மைனி, முட்டளவு” என்று சொல்லிவிட்டு சித்தப்பா போனார். பாறைமேல் ஏறி நின்று, எங்களைப் பார்த்துக் கையசைத்து, தலைகீழாகக் குதித்தார். நன்றாகத்தான் குதித்தார்.

நீச்சல்குளத்துத் தண்ணீர் ஓடாது என்பதை அவர் யோசிக்கவில்லை. எழும்பியபோது அவர் குதித்த இடத்தில் இல்லை. கரையை நோக்கிக் கையடித்தார். ஆறு அவரைப் பக்கவாட்டில் கொண்டுபோய்க்கொண்டே இருந்தது. ஒரு தடவை தலை உள்ளே போய் வந்தது. பிறகு ஒரு கை மட்டும் தெரிந்தது.

அம்மா கத்தவில்லை. கையிலிருந்த சோப்பைக் கல்லில் வைத்தாள். வைத்துவிட்டு ஓடினாள். ஆனால் சித்தப்பாவை நோக்கி அல்ல; அவரைத் தாண்டி, கரையோரமாகக் கீழ்ப்பக்கம் ஓடினாள். பயந்து ஓடுகிறாள் என்றே நான் நினைத்தேன். சித்தப்பா அங்கே இருக்கிறார் என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். சப்பாத்துக்குச் சற்று மேலே, சேலையைக் களைந்து எறிந்துவிட்டு அவள் தண்ணீரில் பாய்ந்து, நடு ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்த அதே நேரத்தில், ஆறு சித்தப்பாவை அவளிடம் கொண்டுவந்து கொடுத்தது.

அவள் அவருடைய தலைமுடியைப் பிடித்தாள். அவர் அவளைக் கட்டிப்பிடிக்கப் பார்த்தார். ஓங்கி அவர் முகத்தில் ஓர் அறை விட்டாள். அந்த அறையின் சத்தம் எனக்குக் கேட்டது. வீட்டில் சித்தப்பாவின் முன்னால் நிமிர்ந்து உட்காரக்கூட மாட்டாத அம்மா. பிறகு ஆற்றோடு சண்டை போடாமல், அது போகும் போக்கிலேயே சாய்வாக நீந்தி, சப்பாத்தை ஒட்டிய கைதை என்கிற தாழம்புதரில் அவரைக் கொண்டு சேர்த்தாள். கடவில் துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணும் ஓடிவந்து, மூன்று பேருமாகக் கரையில் இழுத்துப் போட்டோம்.

சித்தப்பா குப்புறக் கிடந்து தண்ணீர் கக்கினார். வெகுநேரம் நடுங்கினார். பிறகு எழுந்து உட்கார்ந்து, சின்னப்பிள்ளைபோல விம்மி விம்மி அழுதார். அம்மாவின் கை முழுக்கக் கைதை முள் கிழித்த கோடுகள். அவள் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு, மூச்சு நிதானத்துக்கு வரும்வரை ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

“வீட்டுல யாருட்டயும் மூச்சு விடப்பிடாது, கேட்டியளா தம்பி. நீயும்தான் மக்கா.”

சித்தப்பா அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். தன் மானத்தைக் காக்க நினைக்கிறாள் மைனி என்று அவருக்கு மேலும் அழுகை வந்தது. எனக்கும் அப்படித்தான் பட்டது. நீச்சல் தெரியும் என்று ஊரெல்லாம் பேசிவிட்டு, துணைக்கு வந்த இடத்தில், துணை தேவைப்பட்டவளால் இழுத்துப் போடப்பட்டவர் என்றால் யார் பெண் கொடுப்பார்கள். வழியில் நான் கேட்டபோது அம்மாவும், “சித்தப்பாவுக்கு நாணக்கேடு இல்லையா” என்றுதான் சொன்னாள்.

வீட்டில், பாறையில் வழுக்கியதாக சித்தப்பா தன் சிராய்ப்புகளுக்குக் காரணம் சொன்னார். அம்மா சமையலறையிலேயே இருந்துகொண்டாள். கைக்கோடுகளைக் கண்ட மாமியிடம், துணி உலர்த்திய வேலியில் முள் கிழித்தது என்றாள். நான் அன்று பகல் முழுக்க வெடித்துவிடுவேன் போல இருந்தேன். என் அம்மா ஒரு மனுஷனை ஆற்றிலிருந்து முடியைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள், அந்த மனுஷன் எதிரே உட்கார்ந்து மோர்க்குழம்பு கேட்டுக்கொண்டிருக்கிறார், அம்மா குனிந்து பரிமாறுகிறாள். அப்பா சித்தப்பாவைப் பார்த்து, நீ கூடப் போவதால்தான் எனக்கு நிம்மதி என்றார். நான் வாயைத் திறந்தேன். அம்மா அவசரமாக என் இலையில் ஒரு கரண்டிச் சோறு வைத்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். சித்தப்பா தலைநிமிராமல் சாப்பிட்டார்.

அதன்பிறகு அவர் நீச்சல்குளத்தைப் பற்றிப் பேசவில்லை. காலையில் துணிமூட்டையை அம்மா தூக்குமுன் தானே தூக்கிக்கொள்வார். பார்க்கப்போகும் பெண்ணுக்கென்று பெட்டியில் வைத்திருந்த செண்ட் பாட்டிலை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். மாமி ஒருநாள் முழுக்க மூக்கைச் சுளித்துக்கொண்டு நடமாடிய பிறகு, மாமிக்கும் ஒன்று கிடைத்தது. குளிக்க வழியில்லாத அந்த வீட்டில் எல்லோரும் மணந்துகொண்டிருந்தோம்.

ஆறு தெளிந்ததும் அம்மா மறுபடி இறங்கினாள். பயமில்லையா என்று கேட்டேன். ஆற்றுக்கு யார்மேலும் பகையில்லை, அது அதன் வழியில் போகிறது என்றாள். அந்த நாட்களில் அவள் என்னை முதுகில் கைகொடுத்துத் தாங்கித் தண்ணீர்மேல் படுக்கவைப்பாள். கை விலகியது எப்போது என்று தெரியாது. வானம் மட்டும் தெரியும். காதுக்குள் ஆறு பேசும்.

பிறகு ஒருநாள் காலை, நான் பின்வாசலில் டம்ளர் தண்ணீரோடு பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அம்மா துணிமூட்டையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். மேலே குழாய் இருமியது. செம்மண் நிறத்தில் கொஞ்சம் துப்பியது. சீறியது. பிறகு நூலாக, அப்புறம் விரல் கனத்துக்கு, தெளிந்த தண்ணீர் விழ ஆரம்பித்தது.

அம்மா எழுந்து போய் அதன் கீழே கையை நீட்டினாள். தண்ணீர் உள்ளங்கையில் விழுந்து வழிந்தது. கையைத் திருப்பிப் புறங்கையிலும் விழவிட்டாள். உள்ளே மாமி எழுந்து வரும் சத்தம் கேட்டது. “வெள்ளம் வந்துதா பிள்ளே?”

அம்மா குழாயை இறுக்கித் திருகி மூடினாள். “காத்துதான் சத்தம் போடுது அக்கா,” என்றாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தாள். “வா மக்கா, வெயில் ஏறுமுன்ன போவோம்.”

எனக்குக் குழப்பமாக இருந்தது. தண்ணீரை நானும்தானே பார்த்தேன். முதலில் வருகிற தண்ணீர் குடிக்க ஆகாது, குழாய்க்குள் மண் தெளியட்டும் என்று மூடிவைக்கிறாள்போல என்று, என் புத்திக்கு எட்டியவரை ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். சித்தப்பா மூட்டையோடு முன்னால் போனார். அன்று தென்னந்தோப்பில் அம்மா ஒன்றும் பேசவில்லை.

அன்று அவள் துணியைத் தொடவே இல்லை. நேரே தண்ணீரில் இறங்கினாள். அக்கரைவரை போனாள். அங்கே ஒரு பாறையைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். நடுவழியில் மல்லாந்து படுத்து, ஆற்றோடு கொஞ்சம் மிதந்து போனாள். மறுபடி எதிர்நீச்சலில் மேலே வந்தாள். மறுபடி மிதந்தாள். வெயில் ஏறி, கல் சுட ஆரம்பித்தது. துவைக்க வந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். எனக்குப் பசித்தது. வீட்டில் மாமி புட்டு அவித்திருப்பாள்.

கைகளைக் குவித்துக் கத்தினேன். “அம்மா, போலாம். வீட்டுல வெள்ளம் வந்தாச்சில்லா.”

மேட்டில் சித்தப்பா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு ஆற்றில் தெரிந்த அம்மாவின் தலையைப் பார்த்தார். மூட்டையை எடுக்க எழுந்தவர், அதை மெல்லக் கீழே வைத்துவிட்டு, மறுபடி புங்கமரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

“தெரியும் மக்கா,” என்று நடு ஆற்றிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “இன்னும் கொஞ்சநேரம் இரி.”

நான் படியில் உட்கார்ந்தேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. குழாயைத் திருகினால் வாசலிலேயே கொட்டுகிற அதே தண்ணீருக்காக, வேகாத வெயிலில், பசியோடு, ஒருவர் எதற்காக ஆற்றில் கிடக்கவேண்டும் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.